நெட்வொர்க் சுவிட்சில் முன்னுரிமை கொடுத்தும் குரல் ஏன் உடைகிறது?

ஐபி போனில் (நெட்வொர்க் வழியே பேசும் போன்) ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் பேசினால் ஓர் அழைப்புக்கு நொடிக்கு 50 பேக்கெட், அதாவது தரவுத் துண்டு. ஒவ்வொன்றின் முன்னும் வரும் தலைப்புகளையும் (முகவரி போன்ற விவரங்கள்) சேர்த்து ஏறக்குறைய 87 கேபிபிஎஸ்தான். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்பிபிஎஸ் ஆகாது. ஆனாலும் ஜோர்ஜ்டவுன் கடைவீட்டு மாடியில் இயங்கும் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில், 50 எம்பிபிஎஸ் அப்லோட் இருந்தும், கோப்புகள் கிளவுடுக்கு ஏறத் தொடங்கியதும் குரல் துண்டு துண்டாகலாம். காரணம் காத்திருப்பு. ரௌட்டரின் பஃபரில் (பேக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகம்) 1 மெகாபைட் தேங்கினால் அது வடியவே 160 மில்லிசெகண்ட் ஆகும். பின்னால் வந்த குரல் பேக்கெட்டும் அவ்வளவு நேரம் நிற்கும். உரையாடல் இயல்பாக இருக்க, ஒரு பக்கத் தாமதம் மொத்தமே 150 மில்லிசெகண்டைத் தாண்டக்கூடாது என்பது ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) வழிகாட்டுதல்.

மேனேஜ்ட் சுவிட்ச் (கணினிகளையும் போன்களையும் கம்பியால் இணைக்கும், அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய பெட்டி) இதற்குச் செய்வது இரண்டு வேலை. முதலில் அடையாளம் பார்க்கும். ஐபி தலைப்பில் முன்னுரிமையைக் குறிக்க டிஎஸ்சிபி என்ற 6 பிட் இடம் இருக்கிறது. குரலுக்கு வழக்கமான எண் 46. வீலேன் டேக்கில் (ஒரே கம்பியில் தனித்தனி நெட்வொர்க்குகளைப் பிரிக்கும் குறி) முன்னுரிமைக்குத் தனியாக 3 பிட், 0 முதல் 7 வரை. (இதில் 1 என்பது 0-ஐவிடக் கீழ். பலர் இங்கே ஏமாறுகிறார்கள்.) அடுத்து, அந்த எண்ணுக்கேற்ப வெளியேறும் போர்ட்டில் வெவ்வேறு வரிசைகளில் பேக்கெட்டுகளை நிறுத்தும். ஸ்ட்ரிக்ட் பிரயாரிட்டி வைத்தால் மேல் வரிசை காலியான பிறகே கீழ் வரிசை நகரும். குரலுக்கு மட்டும் அதை வைத்து, மற்றவற்றுக்கு 4:2:1 போல எடை கொடுப்பது நல்லது. எல்லாவற்றையும் ஸ்ட்ரிக்டில் போட்டால் கீழே இருப்பவை பட்டினிதான்.

இவ்வளவையும் சரியாகச் செய்த பிறகும் பலன் தெரியாமல் போவது ஏன்? பினாங்குப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிறை டோலில் ஆம்புலன்ஸுக்குத் தனித்தடம் விட்டு என்ன பயன், நெரிசல் பாலத்தின் நடுவில் இருந்தால்? சுவிட்சிலிருந்து ரௌட்டருக்குப் போகும் கம்பி 1 ஜிபிபிஎஸ். அங்கே 1518 பைட் பேக்கெட் கடக்க 12 மைக்ரோசெகண்ட் போதும், வரிசையே உருவாகாது. வரிசை இல்லாத இடத்தில் முன்னுரிமைக்கு வேலை இல்லை. நெரிசல் ரௌட்டருக்கு அப்பால், 50 எம்பிபிஎஸ் வாசலில் இருக்கிறது.

ஆகவே நெரிசலை நம் கைக்குள் இழுத்துவர வேண்டும். ரௌட்டருக்குப் போகும் போர்ட்டில் எக்ரஸ் ஷேப்பிங்கை (வெளியேறும் வேகத்துக்கு வைக்கும் வரம்பு) 47 எம்பிபிஎஸ் என வையுங்கள், அதாவது அப்லோட் வேகத்துக்குச் சற்றுக் கீழே. இப்போது வரிசை சுவிட்சிலேயே உருவாகும், குரல் முந்திக்கொள்ளும். ரௌட்டரின் வைஃபையில் நேரடியாக இணைந்த சாதனங்கள் இந்தக் கணக்கில் வராது. அவற்றுக்கு சுவிட்சில் செருகிய ஆக்சஸ் பாயின்ட் (தனி வைஃபை பெட்டி) தேவை. டவுன்லோட் நெரிசல் இணைய நிறுவனத்தின் பக்கம் நடப்பது, அதற்கு இந்த வைத்தியம் அவ்வளவாகப் பலிக்காது. ரௌட்டரிலேயே நல்ல ஷேப்பர் இருந்தால் அதுதான் இன்னும் சரியான இடம்.

வழக்கமான கோளாறுகள் மூன்று. பல சுவிட்சுகள் ஆரம்பத்தில் டிஎஸ்சிபியை நம்புவதில்லை. போன் 46 போட்டு அனுப்பினாலும் 0 வரிசையில்தான் விழும். போன் செருகிய போர்ட்டில் டிரஸ்ட் டிஎஸ்சிபி (வரும் எண்ணை நம்பு என்ற அமைப்பு) போடுங்கள். கணினி போர்ட்டுகளில் வேண்டாம், எந்த மென்பொருளும் தன்னை 46 என்று சொல்லிக்கொள்ளலாம். ஃப்ளோ கன்ட்ரோலையும் அணைத்துவிடுங்கள்: அதன் பாஸ் ஃப்ரேம் (சற்று நிறுத்து என்று எதிர்முனை அனுப்பும் செய்தி) வந்தால் குரலையும் சேர்த்து முழு போர்ட்டும் நிற்கும்.

சோதிக்கும்போது வெறும் பிங் (போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஏமாற்றும். அது டிஎஸ்சிபி 0-இல் போவதால் எல்லாம் சரியாக இருந்தாலும் தாமதமே காட்டும். சோதிக்கும் கணினியின் போர்ட்டில் மட்டும் தற்காலிகமாக டிரஸ்ட் டிஎஸ்சிபி போட்டு, லினக்ஸ் பிங்கில் -Q என்ற தெரிவுக்கு 184 கொடுங்கள் (46-ஐ 4-ஆல் பெருக்கியது). பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டே இரண்டு பிங்கையும் பக்கத்தில் ஓடவிட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.