ஆமைக்குஞ்சு கைக்கு வந்தால் 48 மணி நேரம்தான் கணக்கு

மழை விட்ட மறுநாள். கடலைக்காட்டு வரப்பில் எலுமிச்சம்பழ அளவுகூட இல்லாத ஓர் ஆமைக்குஞ்சு. பையன் அதை டவுசர் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறான். அம்மா பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் நிரப்பி அதில் விட்டு, நாலு பருக்கை சோறும் போடுகிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூடுகிறார்கள். யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். ஐந்தாம் நாள் வனத்துறை ஜீப் வாசலில் நிற்கிறது.

இது எங்கள் பக்கத்தில் நடந்தது. மனு எழுதிக் கொடுப்பது என் வேலை என்பதால் என்னைக் கூட்டிப்போனார்கள். அந்த அம்மாவுடன் ரேஞ்ச் ஆபீஸ் வராந்தாவில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். "பையன் தெரியாம எடுத்துட்டு வந்துட்டான் சார்" என்பதைத் தவிர அவரிடம் சொல்ல வேறொன்றும் இல்லை. யாரிடமும் விற்கவில்லை, காசு வாங்கவில்லை. ஆனால் அவர் பெயருக்கு நேரே காகிதத்தில் ஏறிய சொல் 'கைப்பற்றப்பட்டது'. அவரே முதல் நாள் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அந்த இடத்தில் 'ஒப்படைத்தார்' என்று இருந்திருக்கும்.

சட்டப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வன உயிரின (பாதுகாப்பு)ச் சட்டம் 1972இல் வந்தது. 2022இல் அதைப் பெரிய அளவில் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நம் ஊர் முள்காடுகளிலும் மேட்டுக்காடுகளிலும் கிடைக்கும் நட்சத்திர ஆமை இப்போது முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. குற்றம் நிரூபணமானால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

வளர்க்க லைசென்ஸ் வாங்கலாமா என்று வாரத்துக்கு ஒருவர் கேட்கிறார். செல்லப் பிராணியாக வளர்க்க அப்படி ஒரு லைசென்ஸ் கிடையாது. இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் ஆமை விற்பவர்.

அதே சட்டத்தின் 39ஆம் பிரிவைப் படியுங்கள். அரசுக்குச் சொந்தமான வன உயிர் எந்த வழியில் கைக்கு வந்திருந்தாலும், வந்த 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, அதற்கு அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும், கேட்டால் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. கடமை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நான் இதை உரிமை என்றே எடுத்துக்கொள்கிறேன். விவரம் தெரியாமல் மாட்டிக்கொண்டவருக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு இது ஒன்றுதான். அது இருப்பதை ஊரில் யாருக்கும் எவரும் சொல்வதில்லை.

இங்கே ஒரு விஷயம். வரப்பில் குஞ்சைப் பார்த்தால் எடுக்காமல் வருவதே சரி. "தாயைக் காணோம், பாவம்" என்று எடுத்து வருபவர்கள்தான் அதிகம். தாய் ஆமை முட்டையிட்டு மண்ணை மூடியதோடு போய்விடும். குஞ்சு பொரித்த நாள் முதல் தனியாகத்தான் மேயும், அதற்குத் தாய் தேவையில்லை. உங்களுக்கும் அந்த ஜீப் தேவையில்லை.

ஆட்களைக் கவிழ்க்கும் பேச்சுகள்

"அபராதம் கட்டினா விட்டுடுவாங்க." இது பழைய கணக்கு. திருத்தத்துக்கு முன் நட்சத்திர ஆமை நான்காம் அட்டவணையில் இருந்தது, பணம் கட்டிச் சமரசம் செய்துகொள்ள அப்போது வழி இருந்தது. முதல் அட்டவணைக் குற்றத்துக்கு அந்த வழி இல்லை. பழைய ஆட்கள் இன்னும் பழைய யோசனையையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"நாலாம் அட்டவணைதானே, பதிவு பண்ணி வளக்கலாம்." இது அதைவிட மோசம், ஏனென்றால் பாதி உண்மை. திருத்தத்தில் ஆறு அட்டவணைகளை நான்காகக் குறைத்தார்கள். புதிய நான்காம் அட்டவணை, வன உயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிர்களுக்கானது, வெளிநாட்டு ஆமைகளைப் பதிவு செய்வது அதன் கீழ்தான். பழைய நான்கும் புதிய நான்கும் ஒன்று இல்லை. எண்ணை மாற்றாமல் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிய புண்ணியவான் யாரோ, அவரால் எத்தனை பேர் அலைகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

"எங்க வீட்லயே பொரிச்ச குஞ்சு சார், காட்டுல புடிக்கல." தாத்தா காலத்திலிருந்து கொல்லையில் ஆமை இருக்கும் வீடுகளில் இதைக் கேட்பேன். சட்டத்துக்கு மீறி அடைத்து வைத்தது மட்டுமல்ல, அப்படி அடைத்து வைத்த இடத்தில் பிறந்ததும் அரசுச் சொத்து என்று அதே 39ஆம் பிரிவு சொல்கிறது. தாய் ஆமைக்கு உரிமைச் சான்றிதழ் இல்லாதபோது, குஞ்சைக் காட்டி நியாயம் பேசினால் தாயையும் நாமே காட்டிக்கொடுத்ததாகும்.

"இது நம்ம ஊர் ஆமை இல்ல, பர்மா ஆமை." பர்மா நட்சத்திர ஆமை உண்மையிலேயே ஓர் இனம்தான். அதுவும் சைட்டிஸின் முதல் பட்டியலில் இருக்கிறது, வணிகத்துக்காக எல்லை தாண்டக் கூடாது. விற்பவர் சொல்வது உண்மை என்றாலும் உங்களுக்குச் சிக்கல், பொய் என்றாலும் சிக்கல். இன்னொன்று, நட்சத்திர ஆமைக் குஞ்சுக்குப் பிறந்தவுடன் முழு நட்சத்திரக் கோடுகள் இருக்காது. வளர வளரத்தான் கோடுகள் பிரியும். அதைச் சாக்காக வைத்து வேறு இனம் என்று தள்ளிவிடுவார்கள்.

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்பார்கள். ஆமையைக் கேவலப்படுத்தும் பழமொழி என்று எனக்குப் பிடிக்காது. ஆனால் இந்தச் சட்டத்தைப் படித்தபின், ஆமைக்குப் பின்னாலேயே அமீனா வருகிற வரிசை சரியாகத்தான் இருக்கிறது. அதே ஆமை வந்தால் பணம் கொழிக்கும் என்று வாஸ்து பேசி விற்பவனுக்கு மட்டும்தான் பணம் கொழிக்கிறது.

ஒப்படைக்கும் நாள்

வெறும் கையோடு போகாதீர்கள். முழுத்தாள் ஒன்றில் மனு எழுதுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் கைக்கு, எப்படி வந்தது என்பது வேண்டும். 'மேற்படி குஞ்சை நானாக முன்வந்து ஒப்படைக்கிறேன்' என்ற வரி கட்டாயம் வேண்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். குஞ்சின் மேலோடும் அடியோடும் தெரிய இரண்டு போட்டோ இருக்கட்டும். அவை போனிலேயே கிடக்கட்டும், ஸ்டேட்டஸில் வேண்டாம்.

"வெச்சிட்டுப் போங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்கு ஏமாந்தவர்கள் பலர். ரசீது இல்லாமல் வைத்துவிட்டு வந்தால், நீங்கள் ஒப்படைத்ததற்குச் சாட்சி அந்த ஆமை மட்டும்தான். முத்திரை குத்தும் கிளார்க் லீவு என்றால், இருக்கும் அலுவலரின் கையெழுத்தும் பதவிப் பெயரும் போதும். அதுவும் மறுத்தால், அன்றே அதே மனுவை மாவட்ட வன அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை மனுவின் பின்னால் பின் செய்து வையுங்கள்.

"இது எங்க ரேஞ்ச் இல்ல, அந்தப் பக்கம் போங்க" என்பது அடுத்த அலைச்சல். சட்டத்தில் காவல் நிலையம் என்ற சொல் இருப்பதை இங்கே நினைவில் வையுங்கள். ஸ்டேஷனில் 'இதெல்லாம் ஃபாரஸ்ட் வேலை' என்றுதான் தொடங்குவார்கள். குரலை உயர்த்தாமல், 39ஆம் பிரிவில் அருகிலுள்ள காவல் நிலையம் என்று இருக்கிறது என்று மனுவைக் காட்டி, மனு வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். சனி, ஞாயிறு ரேஞ்ச் ஆபீஸ் பூட்டிக் கிடந்தாலும் 48 மணி நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஸ்டேஷனுக்குப் பூட்டு கிடையாது.

வாக்குமூலம் எழுதினால் முழுவதும் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். படிக்கத் தெரியாதவர் படித்தவர் ஒருவரைக் கூட்டிப் போகட்டும். 'பிடித்து வளர்த்து வந்தேன்' என்ற சொற்கள் எங்கிருந்தோ உள்ளே நுழைந்திருக்கும். நான் கூடப் போன அந்த அம்மாவின் தாளில் அப்படித்தான் இருந்தது. 'வளர்த்து வந்தேன்' என்பதை அடித்து 'வைத்திருந்தேன்' என்று மாற்றவே மாலை நாலு மணி ஆகிவிட்டது.

ஒப்படைக்கும்வரை குஞ்சைச் சாகாமல் வைத்திருக்கவும் வேண்டும். தரை ஆமைக்கு நீச்சல் தெரியாது. பேசினில் தண்ணீர் நிரப்பி விட்டால் மூழ்கிச் சாகும். அட்டைப்பெட்டியில் காற்றுத் துளை போட்டு, ஈரத்துணி விரித்து, நிழலில், எறும்பு ஏறாத இடத்தில் வையுங்கள். தாம்பாளத்தில் தாடை நனையும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் நிறுத்தினால் தானே குடிக்கும். வயிற்றுப் பக்கம் மஞ்சள் கரு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், அது தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். சோறு, பால், பிஸ்கட் எதுவும் கூடாது. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஆமைகளின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கும். பாவம் பார்த்து எங்கோ ஒரு ஏரிக்கரையில் விட்டுவிட்டு வருவது ஒப்படைப்பு ஆகாது.

கடையில் வாங்கிய வெளிநாட்டு ஆமை

சல்காட்டா என்ற ஆப்பிரிக்க ஆமைதான் இப்போது வீடுகளில் அதிகம். இதை வளர்க்கத் தடை இல்லை, பதிவு வேண்டும். 2024 பிப்ரவரி 28 அன்று வந்த விதிகளின்படி, ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அது முடிந்துவிட்டது. இனி வாங்குபவர்கள் கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். விற்றாலும், சும்மா கொடுத்தாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். குஞ்சு பொரித்தால் நாள் எண்ணிக்கொண்டிருக்காமல் அந்த வாரமே வேலையைத் தொடங்குங்கள்.

பொறி எங்கே என்றால், எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில். கடைக்காரர் தருவது துண்டுச்சீட்டு, அதில் 'ஆமை 1' என்று மட்டும் இருக்கும். இனத்தின் அறிவியல் பெயர் சென்ட்ரோகெலிஸ் சல்காட்டா என்று எழுதி, விற்பவரின் பதிவு எண்ணும் தேதியும் கையெழுத்தும் உள்ள பில் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் அந்தக் கடையில் வாங்காதீர்கள். பணம் கொடுத்தபின் கேட்டால் போனையே எடுக்க மாட்டார். குஞ்சுக்கு விண்ணப்பிக்கும்போது முதல் கேள்வி தாயின் பதிவு எண்தான். அது இல்லாதவர்கள் தாமதத்துக்கான காரணத்தை உள்ளபடி எழுதித் தாய்க்கு முதலில் விண்ணப்பியுங்கள். 2020இல் ஆவணமே கேட்காமல் அறிவிக்க ஆறு மாதம் கொடுத்தார்கள். அது போன வண்டி, அதைச் சொல்லிப் பயனில்லை.

பதிவு கிடைத்தபின் வளர்ப்பு. மேலே சொன்ன தாம்பாளக் குளியல் தினமும் உண்டு. புல், செம்பருத்தி இலையும் பூவும், முசுக்கொட்டை இலை, முள் நீக்கிய சப்பாத்திக் கள்ளி போதும். பழத்தைக் காட்டிப் பழக்காதீர்கள். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள், அதைச் சுரண்டி இலை மேல் தூவலாம். காலை வெயில் நேரடியாகப் படவேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலால் எலும்புக்குப் பயனில்லை. வெயிலில் கண்ணாடித் தொட்டியோடு வைத்தால் அரைமணியில் வெந்துவிடும். பக்கத்தில் நிழல் வேண்டும், மேலே வலை வேண்டும். காக்காய்க்கு ஆமைக்குஞ்சு ஒரு கவளம்.

வாங்குமுன் கடைக்காரரிடம் பெரிய சல்காட்டாவின் போட்டோவைக் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார். உள்ளங்கையில் உட்காரும் இந்தக் குஞ்சு 40 கிலோவுக்கு மேல் வளரும், தரையைத் தோண்டி வளை போடும், ஐம்பது வருஷத்துக்கு மேல் வாழும். இரண்டாவது மாடி வாடகை வீட்டிலிருந்து ஒருவர், ஆறு வருஷ ஆமைக்கு இடம் கேட்டு என்னிடம் மனு எழுத வந்தார். பில் இருக்கிறதா என்றேன். கடையையே மூடிவிட்டார்களாம்.