பைப்புக்குள் ஓடும் முயல்

எங்கள் ஆயா ஊதாங்குழலைக் கையில் எடுத்ததும் அடுப்பில் வைக்க மாட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்ப்பார். சில நாள் சும்மா கிடந்தால் போதும், குளவி மண் வைத்து அடைத்திருக்கும்.

எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கிலும் இதே கவலைதான். ஆனால் அங்கே ஒரு டிரில் பைப்பின் நீளம் சுமார் 9.5 மீட்டர். 2,500 மீட்டர் ஆழம் போக 260-க்கு மேற்பட்ட பைப்புகளை ஒன்றோடொன்று முறுக்கி இறக்க வேண்டும். யார்டில் கிடந்த பைப்புக்குள் காய்ந்த சேறு, சிமெண்டுத் துண்டு, கடற்காற்றில் உரிந்த துருச் செதில், யாரோ மறந்த கையுறை என எதுவும் இருக்கலாம். கீழே பாறையைத் துளைக்கும் முனையான பிட்டில், பம்ப் அனுப்பும் சேற்றுக் கரைசலான மட் பீறிடும் துளைகளோ பெரும்பாலும் சுண்டுவிரல் பருமன்தான். கையுறை அங்கே போய் அடைத்தால் பம்பில் அழுத்தம் எகிறும். அப்புறம் இறக்கிய பைப் அத்தனையையும் மேலே இழுக்க வேண்டியதுதான்.

அதனால் ஒவ்வொரு பைப்பையும் தூக்கும்போது உள்ளே ஓர் இரும்பு உருளையை விடுகிறார்கள். ரிக்கில் அதன் பெயர் ராபிட், அதாவது முயல். வளைக்குள் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வரும் முயலைப் போலத்தான் இதுவும். கடகடவென்று சறுக்கி வந்து கீழ்முனை மூடியில் ‘ணங்’ என்று இடிக்கும் சத்தம் கேட்டால் வழி திறந்திருக்கிறது.

உருளையின் அளவில்தான் சூட்சுமம். 5 அங்குல டிரில் பைப்பின் நடுவில் உட்துளை சுமார் 108 மி.மீ.; ஆனால் இணைப்புக் கழுத்தில் 83 மி.மீ. வரை குறுகும் வகைகள் உண்டு. ராபிட் அந்தக் கழுத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். நடுவில் மெல்லிய துரு ஒட்டியிருந்தால் அது காட்டாது. பரவாயில்லை, பின்னால் உள்ளே அனுப்பும் எந்தக் கருவியும் அதே கழுத்தைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

நீளமும் முக்கியம். குட்டையான உருளை வளைந்த பைப்பிலும் நழுவிப் போய்விடும். நீளமானது வளைவில் மாட்டும். எண்ணெய் மேலே வரும் 2 7/8 அங்குலக் குழாய்க்கான சோதனை உருளை 1 மீட்டருக்கு மேல் நீளம். உட்துளையைவிட வெறும் 2.4 மி.மீ.தான் குறைவு.

இத்தனை அக்கறைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆழத்தில் பைப் சிக்கிக்கொண்டால், எந்த இடத்தில் சிக்கியது என்று பார்க்கும் கருவியைக் கம்பியில் கட்டி பைப்பின் உட்துளை வழியாகத்தான் இறக்குவார்கள். சில கருவிகளை இயக்க மேலிருந்து ஓர் உருண்டையைப் போடுவதும் அதே வழியில்தான். ஆபத்து நேரத்தில் அடைந்து கிடக்கும் வழியால் யாருக்கு என்ன பயன்?

வேலை எளிது, கவனம் பிசகினால் காயம். செங்குத்தான பைப்பில் தடையின்றி விழுந்தால் கீழே வரும்போது வேகம் மணிக்கு 49 கி.மீ. உரசலும் காற்றும் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. சத்தம் கேட்கும்வரை கீழ்முனைக்கு நேரே கையோ காலோ போகக் கூடாது. மூடியையும் அதற்கு முன் கழற்றக் கூடாது.

“தம்பி, ராபிட் வந்துடுச்சா?”

“வந்துடுச்சுண்ணே, கையில இருக்கு.”

இந்தப் பதில் வராமல் பைப்பை இணைக்கக் கூடாது. உள்ளே மறந்துவிட்ட ராபிட்டே பெரிய அடைப்பு. சத்தம் வரவில்லையா, சரி, அந்த பைப்பை ஓரமாகக் கிடத்திவிட்டு முதலில் முயலை வெளியே எடுக்க வேண்டும்.