பந்தய விமானமா, அதிவேக விமானமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் கூடத்தில் விமான வகைகளைக் காட்டும் படத்தாள் ஒன்று தொங்குகிறது. பயணிகள் விமானம், சரக்கு விமானம், வேவு விமானம், குண்டுவீச்சு விமானம் எல்லாம் சரி. ரேசிங் பிளேன், அதாவது பந்தயத்தில் பறக்கும் விமானத்தின் படத்துக்குக் கீழே மட்டும் 'அதிவேக விமானம்'. பிள்ளைகள் அதை ராகம் போட்டு ஒப்பிக்கிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சொல் வரலாறு சுருக்கமாக. விமானம் வடசொல், கோயில் கருவறை மேல் நிற்கும் விமானமும் அதே சொல்தான். வானூர்தி நம்முடையது. புறநானூற்று 27ஆம் பாட்டில் 'வலவன் ஏவா வான ஊர்தி', அதாவது ஓட்டுபவன் செலுத்தாத வான ஊர்தி வருகிறது (டிரோனுக்குப் பெயர் தேடி அலைகிறவர்கள் கவனிக்க). பந்தயம் என்றால் பணயம். பணயம் வைத்து ஓடும் ஓட்டத்துக்கும் அதுவே பெயர். விமானம், வானூர்தி இரண்டில் எது வந்தாலும் எனக்குச் சம்மதம். என் வழக்கு முன்னால் ஒட்டிய சொல்லோடுதான்.

மற்ற விமானங்களுக்கெல்லாம் செய்யும் வேலையால் பெயர் வைத்துவிட்டு, இதற்கு மட்டும் வேகத்தால் பெயர் வைப்பானேன்? வகை பிரிக்கிறவர் எடுத்த அளவுகோலைக் கடைசிவரை பிடிக்க வேண்டும். வேகம்தான் கணக்கென்றால் அந்தப் பெயர் கான்கார்டுக்குப் போகட்டும். ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறந்த அது பயணிகளுக்காகச் செய்தது. விமானப் பந்தயத்திலும் பார்முலா ஒன் என்று ஒரு பிரிவு உண்டு, அதில் பறக்கும் விமானத்துக்கோ 100 குதிரைத்திறன் எஞ்சின்தான். மணிக்கு 400 கிலோமீட்டரை ஒட்டிப் பறக்கும். ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு நம்மை ஏற்றிவரும் ஜெட் அதைவிட வேகம். நம்மில் யாராவது அதைப் பந்தய விமானம் என்போமா?

1936இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்திலிருந்து ஜொகன்னஸ்பர்க்குக்கு ஒரு பந்தயம் நடந்தது. கிளம்பியவை ஒன்பது, வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்று. ஸ்காட், கத்ரி இருவரும் ஏறக்குறைய 53 மணி நேரத்தில் ஓட்டிவந்த அந்த 'வேகா கல்' (Vega Gull), நாலு பேர் உட்காரும் சாதாரணச் சுற்றுலா விமானம். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு நடந்த பந்தயத்தில் இரண்டாவதாக வந்ததோ பயணிகளை ஏற்றிக்கொண்டு வந்த டிசி-2! 1931இன் சூப்பர்மரின் எஸ்.6பி போலப் பந்தயத்துக்கென்றே பிறந்ததும் உண்டு, இப்படிப் பந்தயத்தில் போய்க் கலந்துகொண்டதும் உண்டு. இரண்டையும் 'பந்தய' தாங்கும். 'அதிவேக' முதலாவதையே பாதிதான் தாங்கும். ஹேண்டிகேப் பந்தயத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் அதனதன் வேகத்துக்கேற்ப நேரச்சலுகை உண்டு. அங்கே மிக வேகமானது தோற்றுப்போவது சர்வசாதாரணம்.

இதைச் சொன்னதும் வகுப்பில் மூத்த ஐயா ஒருவர், "பந்தயம் சூதாட்ட வாடை அடிக்கும் சொல் தம்பி, 'போட்டி வானூர்தி'ன்னு போடலாமே" என்றார். டர்பன்காரருக்கு அந்தப் பயம் வருவது புரிகிறது. 1897 முதல் கிரேவில்லில் ஜூலை குதிரைப் பந்தயம் நடக்கிற ஊர் இது. என் பெரியப்பாவின் சம்பளமும் அங்கேதான் மேய்ந்தது. அதற்காகச் சொல்லைத் தண்டிப்பதா? போட்டி எதற்கும் வரும். குட்டிக்கரணம் அடிக்கும் விமானங்களுக்கும் போட்டி உண்டு, கிளைடருக்கும் உண்டு. 'போட்டி விமானம்' என்றால் எதிர் கம்பெனிக்காரன் விமானம் என்றுகூடத் தோன்றும். தூய்மை பார்த்துத் தெளிவை விடுகிறவர்கள் ஒரு பக்கம், யோசிக்காமல் கணினி மொழிபெயர்த்துத் தந்ததை ஒட்டுகிறவர்கள் மறுபக்கம். பிள்ளைகளோ இரண்டையும் மனப்பாடம் செய்கிறார்கள்.

போன வாரம் பேனாவால் 'அதிவேக'வை அடித்து, 'பந்தய' என்று மேலே எழுதிவிட்டேன். அடுத்த கட்டத்தில் கிளைடருக்கு 'இயந்திரமில்லா விமானம்' என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே பலூன் படம்.