ஆல்பம்: கோவையா, தனிப்பாடலா?

திரைப்படத்துக்காக அல்லாமல் தாமே ஒரு பாட்டை எழுதி இசையமைத்து, அதற்குக் காணொளியும் எடுத்து யூடியூபில் ஏற்றும் இளைஞர்கள் அதை ‘ஆல்பம் சாங்’ என்கிறார்கள். அங்கே இருப்பது ஒரே ஒரு பாட்டு. பல பாடல்களின் தொகுப்பைக் குறிக்க நம்மிடம் வந்த சொல், எந்தத் தொகுப்பிலும் சேராத ஒற்றைப் பாட்டுக்குப் பெயராக நிற்கிறது. இந்தத் தலைகீழ் மாற்றத்துக்குள் இசைகேட்கும் பழக்கம் மாறிய கதையே அடங்கியிருக்கிறது.

இலத்தீனில் ‘அல்புஸ்’ என்றால் வெண்மை. பண்டைய ரோமில் பொது அறிவிப்புகளை எழுதிவைத்த வெள்ளைப் பலகைக்கு ‘ஆல்பம்’ என்று பெயர். பிற்காலத்தில் அது நண்பர்களிடம் கையொப்பம் வாங்கும் வெற்றேட்டையும், பிறகு புகைப்படங்களைச் செருகிவைக்கும் ஏட்டையும் குறித்தது. இசைக்கு அது வந்த வழி நேரடியானது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடங்களே பாடும் என்பதால், நீண்ட இசைப்படைப்புக்குப் பல தட்டுகள் தேவைப்பட்டன. அவற்றை உறைகளில் இட்டுப் புத்தகம்போல் கட்டியபோது, புகைப்பட ஏட்டைப் போலவே தோன்றிய அந்தக் கட்டு ‘ஆல்பம்’ ஆயிற்று. 1948இல் கொலம்பியா நிறுவனம் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பாடும் நெடுந்தட்டை வெளியிட்டபின் கட்டு மறைந்து ஒரே தட்டு வந்தது; பெயர் மட்டும் தங்கிவிட்டது.

நெடுந்தட்டில் பாடல்களின் வரிசை படைப்பவரின் கையில் இருந்தது. ஒலிநாடாவிலும் பெரும்பாலும் அப்படியே. ‘ஏ’ பக்கத்தில் ஒரு படம், ‘பி’ பக்கத்தில் இன்னொரு படம் என்று வந்த நாடாக்களில், பிடித்த பாட்டை மீண்டும் கேட்கப் பென்சிலைப் பல்சக்கரத்தில் நுழைத்துச் சுற்றியவர்களுக்கு அடுத்த பாட்டின் முதல் இசை முன்கூட்டியே காதில் ஒலிக்கும். அந்த வரிசையை மீற நினைத்தவர்கள், கோடுபோட்ட தாளில் பாட்டுகளை எழுதி, 90 நிமிட வெற்று நாடாவோடு பதிவுக் கடையில் கொடுத்துவிட்டு வருவார்கள். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகாமல் இருக்க எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று கடைக்காரரோடு கணக்குப் போட்டதை இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

எண்ணிம (டிஜிட்டல்) வடிவம் இந்தக் கட்டை முற்றிலும் அவிழ்த்தது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் உருப்பெற்ற எம்பி3 முறை, காது எளிதில் பிரித்தறியாத ஒலிகளைக் களைந்து, கோப்பைக் குறுந்தகட்டில் இருந்த அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக்கியது. 2003இல் ஆப்பிள் தொடங்கிய ஐட்யூன்ஸ் கடையில் ஒரு பாட்டை 99 சென்ட்டுக்குத் தனியே வாங்க முடிந்தது. 2014 டிசம்பர் முதல் அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசை, ஓர் ஆல்பத்தின் பாடல்கள் 1,500 முறை இணையத்தில் ஒலித்தால் அதை ஓர் ஆல்பம் விற்றதாகக் கணக்கிடத் தொடங்கியது. 2018 வரை இருந்த அந்தக் கணக்கில், 1,500 முறையும் ஒரே பாட்டாக இருந்தாலும் வேறுபாடு இருக்கவில்லை.

நம் ஊரில் பொருள் திரும்பியதற்கு எனக்குப் படும் காரணம் வேறு. திரைப்பாட்டே பாட்டு என்றிருந்த நாளில், படத்தைச் சாராத இசை நாடாவாகவும் குறுந்தகடாகவும் ‘ஆல்பம்’ என்ற பெயரில் வந்தது. அதனால் ‘ஆல்பம்’ என்பது ‘படத்தில் வராதது’ என்று மக்கள் மனத்தில் பதிந்தது. நாடாவும் தகடும் போனபின்னும் அந்தப் பொருள் நிலைத்துவிட்டது.

தமிழில் இதற்குத் ‘தொகுப்பு’ என்று எழுதுகிறோம். தவறில்லை, ஆனால் போதாது. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காகப் பகுக்கிறது. தனித்து நின்று பொருள் முடிவது முத்தகம். பல பாட்டுகள் சேர்ந்து ஒரே வினையில் முடிவது குளகம். தனித்தனிப் பாட்டுகளைச் சேர்த்துவைப்பது தொகைநிலை. ஒன்றோடொன்று தொடர்ந்து செல்வது தொடர்நிலை. நமக்குத் தேவையான வேறுபாடு அங்கேயே இருக்கிறது. வரிசைக்குப் பொருள் உள்ள ஆல்பத்துக்குக் ‘கோவை’ என்ற சொல்லையே நான் பரிந்துரைப்பேன். காதல் நிகழ்ச்சிகளை வரிசையாகப் பாடும் சிற்றிலக்கியமான அகப்பொருட்கோவையின் 400 பாடல்களைக் கலைத்து அடுக்கினால் காதலின் நிகழ்ச்சிப்போக்கே குலைந்துவிடும். 2021இல் பாடகி அடெல் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஆல்பங்களைக் கலைத்துப் பாடுவதை முதல் தெரிவாக வைக்கும் வழக்கத்தை இணைய இசைச் செயலியான ஸ்பாட்டிஃபை கைவிட்டதும் இதே காரணத்தால்தான். இசைக்கோப்பு, இசைக்கோவை ஆகியவை இசையமைப்பு முறைக்கும் வழங்குவதால் அவை குழப்பலாம்; ‘பாடற்கோவை’ என்பது அந்தக் குழப்பம் தராது. கேட்பவர் தம் விருப்பப்படி சேர்க்கும் பிளேலிஸ்ட்டுக்குப் ‘பாடல் திரட்டு’ பொருந்தும். பதிவுக் கடையில் கொடுத்த அந்தத் தாளும் ஒரு திரட்டுதான். ‘ஆல்பம் சாங்’ என்பதற்கோ புதுச்சொல்லே தேவையில்லை. ‘தனிப்பாடல்’ என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறோம்.