சாக்கெட்: ஏர்க்கொழுவிலிருந்து வந்த சொல்

பைத்தான் நிரல்மொழியைப் படிக்கத் தொடங்கும் மாணவர், அதில் எழுதி ஓட்டிப் பார்க்க உதவும் ஐடில் செயலியைத் திறக்கிறார். இணையமே தேவைப்படாத வேலை. ஆனாலும் சில கணினிகளில் ஃபயர்வால், அதாவது இணைப்புகளைக் காவல் காக்கும் தீயரண், 'இந்த நிரல் சாக்கெட் இணைப்புக் கேட்கிறது, அனுமதிக்கலாமா?' என்று எச்சரிக்கும். பயந்துபோய் 'வேண்டாம்' என்று அழுத்தினால் ஐடில் இயங்காமல் நின்றுவிடும். இந்தப் பயத்துக்குப் பாதிக் காரணம் சாக்கெட் என்ற சொல் சரியாகப் புரியாததுதான்.

பழைய பிரெஞ்சில் 'சோக்' என்றால் ஏர்க்கொழு. அதன் சிறு வடிவம் 'சொக்கெட்'. கொழுவைப் போலிருந்த ஈட்டிமுனையை முதலில் அப்படிச் சொன்னார்கள். பிறகு அந்த முனையில் கம்பைச் செருகும் குழிக்கும், அப்புறம் எதையும் பொருத்துகிற குழிக்கும் அதுவே பெயராயிற்று. பல்பு மாட்டும் இடமும் சாக்கெட், கண்குழியும் சாக்கெட்.

கணினிக்கு இந்தச் சொல் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில் வந்தது. வலையமைப்பை வடிவமைத்தவர்கள் எண்ணிட்டு வெளியிடும் ஆவணங்களுக்கு ஆர்.எஃப்.சி. என்று பெயர். 1971இல் வெளியான ஆர்.எஃப்.சி. 147 சாக்கெட்டை வரையறுப்பதற்கென்றே எழுதப்பட்டது. 1983இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பி.எஸ்.டி. இயங்குதளம் தந்த வடிவத்தைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம். நிரல் தன் பேச்சைச் செருகும் வாய் அது. எதிர்முனை வேறு நாட்டிலும் இருக்கலாம், இதே கணினியிலும் இருக்கலாம்.

ஐடிலில் நடப்பது இரண்டாவது வகை. திரையைக் கவனிக்கும் நிரல் ஒன்று, நாம் எழுதியதைப் பின்னணியில் ஓட்டும் நிரல் இன்னொன்று. இரண்டும், இதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியில் பேசிக்கொள்கின்றன. 127இல் தொடங்கும் முகவரிகள் கணினியை விட்டு வெளியே போகவே கூடாது என்பது 1989இன் ஆர்.எஃப்.சி. 1122 விதி.

எனவே எச்சரிக்கை வந்தால் முதலில் முகவரியைப் பாருங்கள். விண்டோஸில் 'நெட்ஸ்டாட்' கட்டளையை netstat -ano என்று கொடுத்தால் அது இணைப்புகளையும் அவற்றுக்குரிய நிரலின் எண்ணையும் காட்டும். அந்த எண்ணை டாஸ்க் மேனேஜரில் தேடினால் பெயர் தெரிந்துவிடும். இரு முனையிலும் 127.0.0.1 இருந்து, நிரலும் நீங்கள் அறிந்ததென்றால் தாராளமாக அனுமதிக்கலாம். அறியாத நிரல் என்றால் அதே நிரல் வெளி முகவரி எதையாவது தொடுகிறதா என்றும் பார்க்க வேண்டும், உள்ளே வாங்கி வெளியே அனுப்பும் நிரல்களும் உண்டு. ஒரு நிரல் 0.0.0.0 என்ற முகவரியில் இணைப்புக்காகக் காத்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது கணினியின் எல்லா வழிகளிலும் கதவைத் திறந்து வைப்பது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பொருத்துவாய், செருகுவாய் இரண்டுமே பொருள் விளங்கும் சொற்கள். எனக்குப் பிடித்தது குதை. இலங்கைத் தமிழில் மின் சாக்கெட்டுக்கு அதுதான் பெயர், செருகியும் குதையும் என்பார்கள். வில்லின் முனையில் நாணை மாட்டும் வெட்டும் குதைதான். ஈட்டிமுனைக் குழிக்கு இவ்வளவு அருகில் நிற்கும் இன்னொரு சொல் நமக்குக் கிடைக்காது. 'லோக்கல் சாக்கெட்' என்பதை உள்ளகக் குதை என்று எழுதிப் பாருங்கள். இணைப்பு வீட்டுக்குள்ளேயே முடிகிறது என்பது சொல்லிலேயே தெரிகிறது.