மூன்றாம் வகுப்பு நோட்டில் தவறான விடைகளைப் படிப்பது எப்படி?

பருவத் தேர்வு முடிந்து தாள் வீட்டுக்கு வந்ததும் பெற்றோர் முதலில் பார்ப்பது மதிப்பெண்ணைத்தான். பருவத்தின் நடுவே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் எழுதும் தொகுத்தறித் தேர்வுக்கு 60 என்று கூட்டிப் போட்ட அந்த எண், பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதைச் சொல்லாது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. அது நல்ல ஏற்பாடு. ஆனால் மூன்றிலிருந்து நான்குக்குப் போய்விட்டால் மூன்றாம் வகுப்புப் பாடம் வந்துவிட்டது என்று பொருள் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள, தவறாக எழுதிய விடைகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தவறுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கும்.

மூன்றாம் வகுப்பைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளில் சூழ்நிலையியலாக இருந்தது இங்கே அறிவியல், சமூக அறிவியல் என்று பிரிகிறது. அதுவரை வாசிக்கக் கற்ற பிள்ளை இனி வாசித்துத்தான் கற்க வேண்டும். வாசிப்பு திணறினால் அதன் பாதிப்பு தமிழோடு நிற்காது, எல்லாப் பாடத்திலும் தெரியும்.

தமிழ் வாசிப்பில் 247 எழுத்தும் ஒரே மாதிரிக் கடினமல்ல. ஆகாரத்துக்குக் கால், எகரத்துக்கு ஒற்றைக்கொம்பு என்று குறி தனியாகத் தெரியும் வரிசைகள் விரைவில் பிடிபடும். உகர, ஊகார வரிசைகளில் பொதுவான குறி கிடையாது. சு, பு, வு ஒரு விதம்; கு, டு, மு, ரு இன்னொரு விதம்; து, நு, லு, று மூன்றாவது விதம். இவற்றை ஒவ்வொன்றாகத்தான் பழக வேண்டும். ‘முழு’ என்ற சொல்லை எழுதிக் காட்டுங்கள். அதில் பிள்ளை நின்றால் உகர வரிசைக்குப் பயிற்சி போதவில்லை. அடுத்தது ஒகர வரிசை. ‘கொ’ என்பதில் குறி எழுத்துக்கு முன்னும் பின்னும் பிரிந்து நிற்கிறது. இடமிருந்து வலமாகப் போகும் பிள்ளை ‘கெ’ என்று சொல்லிவிட்டுக் காலைப் பார்த்துத் திகைக்கும். ஒரு கையால் முன்பக்கத்தையும் மறு கையால் பின்பக்கத்தையும் மறைத்து, பிறகு இரண்டையும் சேர்த்துத் திறந்து காட்டினால் புரிந்துவிடும்.

எழுத்தெல்லாம் தெரிந்தும் எழுத்துக்கூட்டியே படிக்கும் பிள்ளைகள் உண்டு. ‘கல்’, ‘பகல்’, ‘பங்கு’ மூன்றிலும் ஒரே வரிசை எழுத்துதான், ஒலி மூன்று விதம். ப - க - ல் என்று தனித்தனியாகச் சொல்லும் பிள்ளைக்கு, தான் தினமும் பேசும் பகல்தான் அது என்று உடனே பிடிபடாது. இதோடு, வீட்டில் ‘இருக்காங்க’ என்று கேட்கும் காது, புத்தகத்தில் ‘இருக்கிறார்கள்’ என்பதைச் சந்திக்கிறது. அதனால்தான் தினமும் பத்து நிமிடம் யாராவது கதை வாசித்துக் கேட்பது அவ்வளவு பயன் தருகிறது. எழுத்துத் தமிழின் ஓசை காதில் ஏறியிருந்தால், பாதி சொல்லை வாசித்ததும் மீதி தானாக வரும்.

வீட்டில் சோதிக்கப் பாடப்புத்தகத்தை எடுக்காதீர்கள். பாடம் மனப்பாடமாகியிருக்கும், படத்தைப் பார்த்தே ஒப்பித்துவிடுவார்கள். பார்க்காத சிறுவர் கதையிலிருந்து ஆறேழு வரி கொடுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். முடித்ததும் யார், எங்கே, ஏன் என்று மூன்று கேள்வி கேளுங்கள். யார், எங்கே என்பதற்குப் பதில் வந்து ‘ஏன்’ என்பதற்கு வராவிட்டால், வாய் வாசித்திருக்கிறது, பொருள் உள்ளே போகவில்லை. அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமாக மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் என்று ஓர் இலக்கு வைத்தது. தமிழில் ‘வீட்டிலிருந்து’ என்பது ஒரே சொல். அதே பொருளுக்கு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இரண்டு மூன்று சொல் வரும். ஆகவே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு 60-ஐத் துரத்த வேண்டாம். தடையில்லாமல் பொருளோடு வாசிப்பதே நோக்கம்.

கணக்கில் முதல் தடை எண்ணின் பெயரிலேயே இருக்கிறது. இது நம் மொழிக்கே உரியது, பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போவது. எண்பது வரை ‘பது’ என்று முடிந்த வரிசை, 90-க்கு வந்ததும் ‘தொண்ணூறு’ ஆகிறது. அதற்குள் நூறு ஒலிக்கிறது. 900 ‘தொள்ளாயிரம்’, அதற்குள் ஆயிரம் ஒலிக்கிறது. தொள்ளாயிரத்து ஐந்து என்று சொன்னால் 9005 என்று எழுதும் பிள்ளை காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறது. ‘ஆயிரத்து நூற்று ஐந்து’ என்பதை 10001005 என்று எழுதுவதும் அப்படியே. இதற்கு இடமதிப்பு அட்டை போதும். 1000 என்ற அட்டை நான்கு கட்ட அகலம், 100 மூன்று கட்டம், 5 ஒரு கட்டம். வலது ஓரம் பொருந்தும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 1105 தெரியும். பழைய கல்யாணப் பத்திரிகையில் வெட்டிக்கொள்ளலாம்.

அடுத்து, கடன் வாங்கிக் கழித்தல். 403-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால் 375 என்று விடை வந்தால் அதைக் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது: 8-இல் 3 போக 5, 7-இல் 0 போக 7, 4-இல் 1 போக 3. தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டு பிசகாமல் போட்ட கணக்கு அது. இன்னும் பத்துக் கணக்கு கொடுத்தால் அதே விதிதான் உறுதிப்படும். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு, பத்துக் கட்டுகளை ஒரு நூறு கட்டாக வையுங்கள். 4 நூறு கட்டு, 3 உதிரி. எட்டு எடுக்க மூன்று போதாது. பத்துக் கட்டும் இல்லை. ஒரு நூறு கட்டைப் பிரித்தால் 10 பத்து. அதில் ஒன்றைப் பிரித்தால் 13 உதிரி. இப்போது கையில் 3 நூறு, 9 பத்து, 13 ஒன்று. மீதி 225. பூச்சியத்துக்கு மேல் 9 என்று எழுதுவது ஏன் என்பது கட்டைப் பிரித்த கைக்குத்தான் தெரியும்.

வாக்கியக் கணக்கில் மறுபடி வாசிப்புக்கே வருகிறோம். ‘மீனாவிடம் 12 மாம்பழம் உள்ளது. இது கண்ணனிடம் உள்ளதைவிட 5 அதிகம். கண்ணனிடம் எத்தனை?’ பெரும்பாலும் 17 என்றே வரும், ‘அதிகம்’ என்றால் கூட்டு என்று சொல்லிக் கொடுத்திருப்பதால். ‘மொத்தம் என்றால் கூட்டல், மீதி என்றால் கழித்தல்’ என்ற குறுக்கு வழியை விட்டுவிடுங்கள். கணக்கைத் தொடும் முன் ‘யாரிடம் நிறைய இருக்கு?’ என்று மட்டும் கேளுங்கள். கடிகாரத்திலும் இப்படி ஒன்று உண்டு: சின்ன முள் ஐந்தை நெருங்கி நிற்பதால் 4.50-ஐ 5.50 என்பார்கள். பெரிய முள்ளைக் கழற்றிவிட்டுச் சின்ன முள்ளை மட்டும் நகர்த்திக் காட்டினால் சரியாகும்.

அறிவியலில் கேள்வி பதிலை ஒப்பிப்பதால் தவறான எண்ணம் மறைந்துகொள்கிறது. திண்மம், திரவம், வாயு என்று சரியாக எழுதும் பிள்ளையிடம் ‘மணல் எதில் சேரும்?’ என்று கேளுங்கள். ஊற்ற முடிகிறது, டம்ளரின் வடிவத்தை எடுக்கிறது, ஆகவே திரவம் என்று சொல்லக்கூடும். கெட்டிக்காரத்தனமான பதில்தான்! தட்டில் மணலைக் கொட்டினால் குவியும், தண்ணீர் பரவும். ஒரு மணல் துகளைத் தனியாக எடுத்தால் அதன் வடிவம் மாறாது. விதை முளைப்பதற்கு மூன்று கொட்டாங்குச்சி: ஒன்றில் காய்ந்த பஞ்சு, ஒன்றில் ஈரப் பஞ்சு, ஒன்றில் முழுக்க மூழ்கும் தண்ணீர். மூன்றிலும் ஐந்தைந்து மொச்சை. மூழ்கியது அழுகத் தொடங்குவதைப் பார்த்த பிறகு ‘விதைக்குக் காற்றும் வேண்டும்’ என்ற வரி வெறும் வரியாக இருக்காது.

சமூக அறிவியலில் திசை. வடக்கு எங்கே என்றால் மின்விசிறியைக் காட்டும் பிள்ளைகள் உண்டு, சுவரில் தொங்கும் வரைபடத்தில் வடக்கு மேலே இருப்பதால். வரைபடத்தைத் தரையில் விரித்து, காலைச் சூரியனை வைத்துக் கிழக்கைப் பொருத்துங்கள்.

ஆங்கிலத்தில் ஒன்று மட்டும். தமிழில் ‘ம’ என்ற எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. ஆங்கிலத்தில் ‘எச்’ என்ற பெயருக்குள் ‘ஹ’ ஒலி இல்லை. எழுத்தின் பெயரை மட்டும் கற்ற பிள்ளையால் புதிய சொல்லை வாசிக்க முடியாது, பார்த்து எழுதத்தான் முடியும். நோட்டு அழகாக இருக்கும். அதில் ஒரு சொல்லைத் தொட்டு வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஆசிரியரிடம் பேச ஆண்டு இறுதி வரை காத்திருக்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்; முதல் பருவத்திலேயே கேட்டால் சரிசெய்யப் பெரும்பகுதி கையில் இருக்கும். அரசுப் பள்ளி என்றால், அடிப்படை வாசிப்பு, எழுத்து, கணக்குக்காகத் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் எதில் இருக்கிறது என்று பாடவாரியாகக் கேட்கலாம். ‘எப்படிப் படிக்கிறான்?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். தவறு இருக்கும் பக்கத்தைத் திறந்து, ‘இது ஏன் இப்படி வருது டீச்சர்?’ என்று கேளுங்கள். பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் சொற்கள் விடுபட்டால் முதலில் கண்ணையும், சொல்வதெழுதுதலில் மட்டும் தவறினால் காதையும் பரிசோதித்துவிடுங்கள்.