கேமராவின் வாயைப் பார்த்து வாங்குங்கள்

போன மாதம் ஒரு கல்லூரித் தங்கச்சி இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குட்டிக் கேமராவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "அண்ணே, படமெல்லாம் மெழுகு பூசின மாதிரி வருது, லென்ஸைத் துடைச்சுக் குடுங்களேன்." ஆன்லைனில் ஐயாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கியதாம். முன்பக்கம் பெரிய எழுத்தில் 48 மெகாபிக்சல், 16 எக்ஸ் ஜூம், 4கே. ஜூம் பொத்தானை அழுத்தினேன், லென்ஸ் இம்மியும் அசையவில்லை, திரையில் படம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. ஃபிளாஷ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு எல்இடி. கழற்றிப் பார்த்தால், அகலமான கறுப்பு வளையத்துக்கு நடுவே மிளகு அளவு லென்ஸ், அதற்குப் பின்னால் பழைய மலிவு ஃபோனில் இருப்பது போல, வெளிச்சத்தைப் படமாக்கும் ஒரு சென்சார். துடைக்க அங்கே எதுவும் இல்லை. சின்னப் படத்தைச் சாஃப்ட்வேர் இழுத்து இழுத்து 48 ஆக்கியிருக்கிறது, மெழுகு அங்கிருந்து வருகிறது.

கேமரா ரிப்பேர்தான் என் பிழைப்பு. இந்த ரெண்டு வருடமாகக் கையடக்கக் கேமரா மேல் பிள்ளைகளுக்குத் திரும்பவும் ஆசை வந்திருக்கிறது, நல்ல விஷயம்தான், ஆனால் மேசைக்கு வருவதில் பாதி இந்த மாதிரிப் பொம்மைகள். சரி, நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: டப்பாவைப் படிக்காதீர்கள், கேமராவின் வாயைப் படியுங்கள்.

லென்ஸைச் சுற்றி இருக்கும் வளையத்தில் பொடி எழுத்தில் சில எண்கள் இருக்கும். கேனான் ஜி7எக்ஸ் மார்க் 2-ஐ எடுத்துக்கொண்டால் 8.8-36.8 மி.மீ., 1:1.8-2.8 என்று இருக்கும். அந்த முதல் எண் லென்ஸின் குவியத்தூரம், சென்சார் எவ்வளவு பெரிது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். ஒரே அகலத்துக்குக் காட்சி தெரியவேண்டும் என்றால், சென்சார் பெரிதாகப் பெரிதாக லென்ஸின் குவியத்தூரமும் கூடியே ஆகவேண்டும், இதில் யாரும் ஏமாற்ற முடியாது. இப்போதைய காம்பாக்ட், அதாவது கையடக்கக் கேமராக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அகலத்தில்தான் தொடங்குகின்றன. அதனால் 4 அல்லது 5-ல் ஆரம்பித்தால் உள்ளே இருப்பது 6.2-க்கு 4.6 மி.மீ. சென்சார், கிட்டத்தட்ட ஒரு துவரம்பருப்பு. 9, 10 பக்கம் இருந்தால் ஒரு இஞ்ச் வகையாவது இருக்கும், அதாவது 13.2-க்கு 8.8 மி.மீ., ஒரு மொச்சைக்கொட்டை. 2012-ல் வந்த முதல் சோனி ஆர்எக்ஸ்100-ல் 10.4 என்று இருக்கும். ரிக்கோ ஜிஆர் 3-ல் 18.3, அதன் சென்சார் பெரிய கேமராக்களில் வரும் ஏபிஎஸ்-சி அளவு, ஆனால் அதில் ஜூமும் கிடையாது, ஃபிளாஷும் கிடையாது, தெருவில் நடந்துகொண்டே எடுப்பவர்களுக்கானது. 2005 வாக்கில் வந்த பழைய கேமராக்களில் மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும், அவை குறுகலான காட்சியில் தொடங்கும் என்பதால் 5.8 என்று இருந்தாலும் உள்ளே பருப்புதான்.

(ஒரு இஞ்ச் என்கிறார்களே, அளந்து பார்த்தால் அரை இஞ்ச்தானே என்று ஒருத்தர் என்னிடம் சண்டைக்கே வந்தார். பழைய டிவி கேமராக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துச் சொன்ன கணக்கு அது, பெயர் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

பருப்பைவிட மொச்சைக்கு நாலு மடங்கு பரப்பு. வெளிச்சத்தை மழை என்று வைத்துக்கொண்டால், டம்ளரை வைத்துப் பிடிப்பதும் அண்டாவை வைத்துப் பிடிப்பதும் ஒன்றா? மண்டபத்தில், அந்தி நேரக் கோவில் பிரகாரத்தில், பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் லைட்டை அணைத்தபிறகு, அந்த வித்தியாசம் தெரியும். நல்ல ஃபோன்களின் முதன்மைக் கேமராவிலேயே இப்போது பருப்பைவிடப் பெரிய சென்சார் வந்துவிட்டது, ஆகவே பருப்பு சென்சார் கேமராவுக்கு இருபதாயிரம் கொடுப்பவர்களுக்கு உண்மையான ஜூமும் உண்மையான ஃபிளாஷும்தான் மிச்சம். அது போதும் என்றால் தாராளமாக வாங்கலாம், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வளையத்தில் அடுத்து இருக்கும் 1:1.8-2.8-ல் கடைசி எண்ணைப் பாருங்கள். முழு ஜூமில் லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பது அதுதான், எண் கூடக்கூடத் திறப்பு சுருங்கும், விற்பவர் அதை மட்டும் சொல்லவே மாட்டார். சில மெலிந்த கேமராக்களில் 1:3.6-7.0 என்று இருக்கும். 2.8-க்கும் 7.0-க்கும் வெளிச்சத்தில் ஆறு மடங்கு வித்தியாசம், அதனால் மேடையில் ஆடும் பிள்ளையை ஜூம் பண்ணி எடுத்தால் பிள்ளை பேயாகத்தான் வரும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா என்றால், ஒரு இஞ்ச் கேமரா பழையதாகக் கிடைத்தால் புதுப் பொம்மையை விட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் கையில் வாங்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஃபோன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி இழை இழையாகத் தெரிந்தால் ஃபங்கஸ், நம்ம ஊர் ஐப்பசி மழையில் பீரோவுக்குள் கிடந்தது என்று அர்த்தம். ஜூமைப் பத்துத் தடவை முன்னும் பின்னும் ஓட்டிக் காது கொடுத்துக் கேளுங்கள், நறநறவென்றால் வேண்டாம். பிறகு லென்ஸ் திறப்பை எஃப் 11-க்குச் சுருக்கி வெறும் வானத்தை ஒரு படம், சாம்பல் புள்ளிகள் இருந்தால் சென்சார் மேல் தூசி. காம்பாக்ட் லென்ஸ் ஒவ்வொரு தடவை நீளும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது, பெரிய கேமரா மாதிரி லென்ஸைக் கழற்றி ஊதிவிட முடியாது, முழுசாகப் பிரிக்கவேண்டும். பேட்டரி இன்னும் கடையில் கிடைக்கிற ரகமா என்பதையும் விசாரியுங்கள், கொஞ்சம் உப்பியிருந்தாலும் அந்த பேட்டரியைப் போடாதீர்கள்.

வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிஜ ஃபிளாஷ் உள்ள கேமராவில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், அதில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் நிற்கும், பேட்டரியைக் கழற்றியபிறகும் நிற்கும். தொழில் கற்ற புதிதில் ஒருமுறை அதைத் தொட்டுவிட்டுக் கையிலிருந்ததைச் சுவர் வரைக்கும் வீசியிருக்கிறேன். கேமரா வாடிக்கையாளருடையது.

நிஜக் கேமராக்கள் ரிப்பேருக்கு வருவதில் அதிகம் கடற்கரை மணலால்தான். திருச்செந்தூர் போய்விட்டு வருகிறவர்கள் லென்ஸ் பாதியில் சிக்கியதும் பதறிப்போய் ஆன், ஆஃப், ஆன், ஆஃப் என்று அழுத்துவார்கள், ஒவ்வொரு அழுத்தலிலும் ஒரு மணல் குருணை பிளாஸ்டிக் பல்சக்கரத்தைக் கொஞ்சம் தின்னும். கையால் உள்ளே தள்ளுகிறவர்களும் உண்டு, அவர்களைப் பற்றி எழுதினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். சிக்கிய நிலையிலேயே விட்டு பேட்டரியை மட்டும் உருவிவிடுங்கள். போன வைகாசி விசாகம் முடிந்த மறுநாள் ஒரு பெரியவர் வந்தார், லென்ஸ் பாதி நீண்டபடியே கேமராவை ஈரமில்லாத துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவது போல் இரண்டு கையிலும் ஏந்தி, பேட்டரியைத் தனியாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு. அரை மணி நேர வேலை, இருநூறு ரூபாய் வாங்கினேன்.